கண்ணில் படாத இடம்

"தலைவர் ஜன்னலைத் திறந்தா அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணுமா?"

போனில் கட்சித் தலைவரின் உதவியாளர் கத்திய கத்தலில், மாநகராட்சியில் கூட்டங்களுக்கு இடம் ஒதுக்கும் அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். தலைவரை மறுபடியும் தலைவராக்கத்தான் இன்றைய மாநாடே. மாநாட்டு மண்டபத்துக்கு எதிரே இருந்த பூங்காவில், ஆள் பற்றாக்குறையை எதிர்த்து நர்ஸுகள் போராட இவர்தான் அனுமதி கொடுத்திருந்தார்.

"மண்டபத்துக்குப் பின்பக்கம் அனுப்பிடறேன் சார்."

"சாயந்தரத்துக்குள்ள ஏதாவது ஏடாகூடமாச்சு, தண்ணியில்லாக் காட்டுக்குப் போயிடுவீங்க!"

மாற்றல் என்றால் அதிகாரிக்கு ஆகாது. மகளின் பள்ளிக்கூடம், மனைவியின் ஆஸ்பத்திரி வேலை, எல்லாம் இந்த ஊரில்தான். போதாக்குறைக்கு அந்த நர்ஸுகளின் சங்கச் செயலாளரே அவர் மனைவிதான்.

மனைவியைக் கூப்பிட்டார். "கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுங்களேன்மா."

"நீங்க குடுத்த எடத்துலதானேங்க நிக்கறோம்? சரி, தொலையட்டும்."

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மறுபடி போன்.

"யோவ்! தலைவர் கார் பின்வாசல் வழியாத்தான்யா வரும்!"

மரியாதை போய் 'யோவ்' வந்துவிட்டதைக் கவனிக்கக்கூட அதிகாரிக்கு நேரமில்லை. அவசரமாகப் பேருந்து நிலையத்தை ஒதுக்கினார். அங்கே பஸ் நகரவில்லை. காத்திருந்த பயணிகள் பொழுது போகாமல் அவர்களும் சேர்ந்து கோஷம் போட, கூட்டம் இரண்டு மடங்கானது. மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளின் வண்டிகள் நடுத்தெருவில் மாட்டிக்கொண்டன.

"போராட்டத்தைக் கலைக்கச் சொன்னா வளர்த்து விடறியா நீ?"

ஊர் வரைபடத்தைத் தடவிய அதிகாரி, ஊருக்கு வெளியே ஒரு மூலையில் விரலை வைத்தார். குப்பைக் கிடங்கு. அங்கிருந்து எதுவும் கேட்காது, எதுவும் தெரியாது. இனி ஒருவரும் குறை சொல்ல முடியாது என்று நாற்காலியில் சாய்ந்தார்.

மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இது ஒரு எடமா? மூக்கைப் பொத்தினா கோஷம் போட முடியல. கோஷம் போட்டா மூச்சு விட முடியல."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோம்மா."

"ராத்திரி வீட்டுக்கு வருவீங்கல்ல, வாங்க." போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் நடக்கப்போவது புரிந்தது. ஆனால் வேலையாவது தப்பியதா? சாயங்காலமாகியும் உதவியாளரிடமிருந்து சத்தமே இல்லை. இவரே அழைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். போன் அணைக்கப்பட்டிருந்தது. மாற்றல் உத்தரவு கிளம்பிவிட்டது என்றே அதிகாரி முடிவு கட்டினார்.

அப்போது வாசல் காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், வாசல்ல ஒரு கும்பல். ஒரே கோஷம்."

"நர்ஸுங்களா? என் வீட்டுக்காரியும் இருக்காளா?"

"இல்ல சார், கட்சித் தலைவர்! ஓட்டெடுப்புல தோக்கடிச்சு மண்டபத்தை விட்டே வெளிய தள்ளிட்டாங்களாம். ஆளுங்களோட போராட்டம் பண்ணணுமாம், எந்த எடம்னு கேக்கறாரு."