கம்பியில்லா இயக்குநரின் தீர்ப்பு

எங்கள் சான் மெல்கியாதெஸ் நகராட்சி, முன்னேறியே தீருவது என்று ஒருமனதாக முடிவெடுத்தது. அதற்கென்று லிசென்சியாடோ ஃபாகுந்தோ ஓரோபெசா கம்பியில்லா விவகாரங்களின் இயக்குநராக நியமிக்கப்பட்டார். சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதால் அவர் லிசென்சியாடோ. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அது போதும்.

அவருடைய முதல் திருப்பணி, கையடக்க விளையாட்டுக் கருவியில் நடக்கும் கார் பந்தயத்தைக் கம்பியே இல்லாமல் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து சதுக்கத்துப் பெரிய திரையில் காட்டுவது. ஜெயிப்பவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். எங்கள் ஊர்ப் பெண் யாரெட்சி அதற்காகவே வருஷம் முழுக்க விரல் தேய ஆடியவள். அவள் ஒரு கம்பியும் கொண்டுவந்திருந்தாள். செருகினால் படம் தடங்கலில்லாமல் தெரியும். இயக்குநர் அதைச் செத்த எலியைப் பார்ப்பது போல் பார்த்தார். கம்பி பிற்போக்கு என்று சொல்லி உள்ளே வைக்கச் சொன்னார்.

மேடையில் பிரமுகர்கள் அமர்ந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினோம். சந்தை ஆய்வாளரின் பெயர் விட்டுப்போனதால், மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள், மறுபடி கைதட்டினோம். ஒருவழியாகப் பந்தயம் தொடங்கியதும், மேயர் அந்த வரலாற்றுத் தருணத்தைத் தன் கைபேசியில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தார். மேயர் செய்ததை மேடை செய்தது. மேடை செய்ததை ஊர் செய்தது. எல்லாம், பந்தயப் படம் போய்க்கொண்டிருந்த நகராட்சியின் அதே இலவச வைஃபையில்தான். கடைசிச் சுற்றில் வைஃபைக்கு மூச்சுமுட்டி, பெரிய திரை அப்படியே உறைந்தது. அதில் யாரெட்சியின் கார் இரண்டாவதாக நின்றது.

அவள் கையிலிருந்த கருவியில் பந்தயம் நிற்கவில்லை. முந்தி, கோட்டைத் தாண்டி, துள்ளி எழுந்தாள்.

"உக்காரும்மா," என்றார் இயக்குநர். "நீ இன்னும் ரெண்டாவதுதான்."

"முடிஞ்சுபோச்சு, லிசென்சியாடோ. இதோ, கையில பாருங்க."

"கையில இருக்கறது உன் சொந்த விஷயம். திரையில இருக்கறதுதான் அரசாங்கம்."

பக்கத்து ஊரிலிருந்து வந்த எதிராளி எலியாசர் நல்ல பையன். தோற்றது தான்தான் என்று அவனே சொன்னான். அது அவனுடைய தனிப்பட்ட கருத்து என்று கனிவுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டு, கோப்பை அவன் கையில் திணிக்கப்பட்டது.

நாங்கள் நியாயம் கேட்டுக் கூச்சல் போட்டோம். இயக்குநர் நியாயஸ்தர், ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பொண்ணு ஜெயிச்சதைக் கண்ணால பார்த்தவங்க ஒருத்தர் இருந்தாலும் போதும். முன்னாடி வாங்க."

யாரும் முன்னால் போகவில்லை. அவளைச் சுற்றிக் கையெட்டும் தூரத்தில் நின்றவர்கள் நாங்கள்தான். ஆனால் அத்தனை பேரும் கைபேசியைத் தூக்கி, உறைந்துபோன திரையைத்தான் படம்பிடித்துக்கொண்டிருந்தோம்.

யாரெட்சி எங்களை விட்டுவிட்டு, தன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா, தோன்யா எலோடியா, அப்போதும் கைபேசியை இறக்கவில்லை.

"அழாதடி," என்றாள் மெல்ல. "சிகாகோவுல உன் சித்தி பார்த்துட்டிருக்கா."