நீலக்குருவியும் என் கத்தரிக்கோலும்

பறவை நேசன் என்று என்னை நானே அறிமுகம் செய்துகொண்ட காலம் ஒன்று உண்டு. (பறவைகளிடம் யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.)

கல்யாணமான புதிது. என் பெருமையைக் காட்ட, தியாகதுருகத்துக்காரியான மனைவி செல்வியைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனேன். ஈரக்காட்டில் பூச்சி பிடித்துத் தின்னும் நீல ஈப்பிடிப்பான் குருவி தன் நிலத்து ஓடைக்கரையில் கூடு கட்டியிருப்பதாக மலை விவசாயி சடையன் சொல்லி அனுப்பியிருந்தார். புதுக் கேமரா, தொப்பி முதல் செருப்பு வரை காட்டுப் பச்சை. சடையன் வீட்டு ஆடு என்னை மேயவே வந்துவிட்டது.

கரையின் மண்பொந்தில் கூடு. பெரணி இலைகள் அதை மூடித் தொங்கின. ஆண்குருவி கிளையில் உட்கார்ந்து சின்னதாகப் பாடியது, பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடித்தது, அதே கிளைக்குத் திரும்பியது. பெட்டை எங்களைக் கண்டு விலகியதும் எட்டிப் பார்த்தேன். நாலு முட்டைகள்.

படத்துக்கு இலைகள் இடைஞ்சலாக இருந்தன. முதலுதவிப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் சடையன். படமெடுக்கும் கலையைப் பற்றி அவருக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்தினேன்.

“ஏங்க, நம்ம வூட்டுக் கதவ ஒருத்தன் கழட்டிக்கினு போட்டோ எடுத்தா சும்மா வுடுவீங்களா?” என்றாள் செல்வி.

சிரித்துக்கொண்டே வெட்டினேன். தள்ளிப்போய்க் காத்திருந்தோம். பெட்டை திரும்பி வந்து அடைகாக்க உட்கார்ந்தது. படம் பிரமாதம். சடையன் வீட்டில் டீ குடித்தபடி, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அரைமணி நேரம் காட்டினேன்.

இன்னொரு படம் எடுக்கும் ஆசையில் திரும்பிப் போனபோது, கரையிலிருந்து, முட்டை திருடித் தின்னும் வால்காக்கை ஒன்று எழும்பிப் பறந்தது. கூட்டில் ஒன்றுமில்லை. பெட்டை வந்து எட்டிப் பார்க்கும், போகும், மறுபடி வந்து எட்டிப் பார்க்கும். இலை இருந்தவரை அந்தக் காக்கைக்குத் தெரியாத இடத்தை, நான்தான் திறந்து காட்டியிருந்தேன்.

சடையன் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் குனிந்து, நான் வெட்டிப்போட்ட பெரணிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் கரை மண்ணில் திரும்பச் செருகினார்.

பஸ் கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது செல்வி கேட்டாள்: “போட்டோ நல்லா வந்துக்குதா?”

நன்றாகத்தான் வந்திருந்தது. அதுதான் கேவலம். இன்றுவரை அதை யாருக்கும் காட்டியதில்லை. கதையை மட்டும் செல்வி ஒரு சொந்தக்காரர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள்.

போன மாதம் என் மச்சான் தியாகதுருகத்தில் கடை திறந்தான். வீட்டு மாப்பிள்ளை என்று ரிப்பன் வெட்ட என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். நான் ரிப்பனைப் பிடித்ததும், கூட்டத்துக்கே கேட்கும்படி செல்வி சொன்னாள்: “பாத்து வெட்டுங்க. உள்ள முட்ட கீது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தரிக்கோலை மச்சானிடமே கொடுத்துவிட்டேன்.