தொடையிலிருந்து வந்த சிரிப்பு

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அத்தானின் இருமலும் உன் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா, என் மகள் சிரித்துவிட்டாள்! காதோரக் கட்டியை எடுத்தபோது நரம்பு அறுபட்டு, இடது கன்னம் அசையாமல் போய், அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளெல்லாம் "டீச்சர் எப்பவும் கோவமா இருக்காங்க" என்று பயந்தார்களே, அந்தக் கன்னம் இன்று அசைந்தது! தொடைச் சதையை எடுத்துக் கன்னத்தில் வைக்கப்போகிறார்கள் என்றதும், "அப்புறம் பொண்ணு எப்படிடா நடப்பா?" என்று போனிலேயே அழுதாயே, அவள் இப்போது மாடிப்படி ஓடி ஏறுகிறாள். டாக்டர் அன்றே சொன்னார்: "உள்தொடையில நாடா மாதிரி மெல்லிசா ஒரு சதைங்க. இடுப்பெலும்புக்கு அடியில ஆரம்பிச்சு முழங்காலுக்குக் கீழ வரைக்கும் போகும். தொடையை உள்ளே இழுக்கும், முழங்காலை மடக்கும். அதுல ஒரு துண்டை எடுத்தாலும் பக்கத்துச் சதைங்க வேலையைப் பாத்துக்கும்." தையல்காரனான எனக்குச் சட்டென்று புரிந்தது, பேண்ட்டின் உள்தையல் போகிற அதே வழி!

ஆனால் ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஓடியும் கன்னம் அசையவில்லை. தினமும் காலையில் நான் நகைச்சுவை சொல்ல, என் மனைவிக்குத்தான் தலைவலி வந்தது. இன்று பேங்க் மேனேஜர் பேண்ட் தைக்கக் கடைக்கு வந்தார். உள்காலை அளக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், இங்கதான் அந்தச் சதை ஓடுது. ரெண்டு தொடையையும் நல்லா இறுக்குங்க, தொட்டா தெரியும்" என்றேன். அவரும் பாவம், மூச்சைப் பிடித்து இறுக்கினார். கால் பிடித்துக்கொண்டது. "ஐயோ அம்மா!" என்று துணிக்குவியல் மேல் சாய்ந்தார், இஞ்ச் டேப்போடு நானும் அவர் மேல். அந்த நேரம் பார்த்து டீ எடுத்து வந்த மகள் எங்களைப் பார்த்தாள். இடது உதட்டோரம் மேலே போச்சு அக்கா! நான் கத்தின கத்தலில் தெருவே கூடிடுச்சு, மேனேஜரும் நொண்டிக்கொண்டே கைதட்டினார். நான் அழுதுவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற உன் தம்பி

பி.கு.: மகள் இதைப் படித்துவிட்டாள். "அப்பா, அது சிரிப்பே இல்ல. அந்தச் சதையை மெல்லுற நரம்போடதான் சேர்த்திருக்காங்க. நரம்பு பிடிக்க மாசக்கணக்காகும், பிடிச்சதும் பல்லைக் கடிச்சா உதடு மேல போகும். நீங்க பண்ணின கூத்தைப் பாத்துக் கோவத்துல பல்லைக் கடிச்சேன்" என்கிறாள். இருக்கட்டுமே. இரண்டு வருஷமாக அவளை என் அளவுக்குக் கோபப்படுத்த எந்த டாக்டரால் முடிந்தது, சொல்!