இளவரசிக்கு ஒரு பவனி மெட்டு

"நிறுத்து! அடுத்த அடி உனக்கு எப்படித் தெரியும்?" என்று பியானோ முன்னாலிருந்து கத்தினார் எட்கர் விம்பெனி.

சமையலறையில் காலை உணவுக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஹில்டா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எந்த அடி?"

"நான் பாதி மெட்டுதான் வாசிச்சேன். மீதிப் பாதிய நீ உள்ளேர்ந்து முணுமுணுக்கிற. நேத்துதான் எழுதி முடிச்சேன். இன்னும் ஒருத்தர்கிட்டயும் வாசிச்சுக் காட்டலையே!"

"அதை வேற காட்டணுமா? அதான் ரேடியோவுல அடிக்கடி போடறாங்களே. நம்ம செட்ரிக்கோடது. ராஜ வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு மார்ச் போட்டாரே, அதுல நடுவுல மெதுவா ஒண்ணு வருமே, அது." சொல்லிவிட்டு, மீன் கருகும் வாசனை வரவே உள்ளே ஓடினாள்.

விம்பெனி பியானோ மூடியைப் படாரென்று மூடினார்.

அவர் ஹார்ல்பரி பேராலயத்தின் ஆர்கன் கலைஞர். இடி விழுந்து சரிந்த கோபுரத்தைப் புதிதாகக் கட்டி முடித்து, அதைத் திறந்துவைக்க வரும் சனிக்கிழமை இளவரசி வருகிறார். மேற்கு வாசலிலிருந்து தன் நாற்காலிவரை அவர் நடந்து வரும்போது வாசிக்க ஒரு பவனி இசை வேண்டும், அதை விம்பெனியே எழுத வேண்டும் என்று முடிவாகியிருந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதையே வாசித்துக்கொண்டிருந்த மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட யோகம்! நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் அச்சாகியும் விட்டது. தடித்த எழுத்தில்.

சர் செட்ரிக் மோபர்லி பக்கத்து மாவட்டப் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர். இருவரும் ஒரே இசைக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ராஜ வீட்டுக் கல்யாணத்துக்கு மார்ச் எழுதிய கையோடு செட்ரிக் 'சர்' ஆகிவிட்டார். விம்பெனி விம்பெனியாகவே இருந்தார். அந்த மார்ச்சை இதுவரை ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை என்பதில் விம்பெனிக்கு ஒரு பெருமை உண்டு. ரேடியோவில் ஆரம்ப எக்காளம் ஊதினால் போதும், எழுந்துபோய் அணைத்துவிடுவார். இது பொறாமை என்று ஹில்டா சொல்வாள். ரசனை என்று இவர் சொல்வார்.

"கேக்காத மெட்டு என் மண்டைக்குள்ள எப்படி ஏறும்?" என்று தட்டின் முன் உட்கார்ந்து புலம்பினார்.

"நான்தான் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பாடறேனே."

"அடிப்பாவி! அதான் விஷயம். பாத்திரம் கழுவற சாக்குல அந்தாளு மெட்ட என் காதுல ஊத்திட்ட!"

"மெட்டைத் திருடினது நீங்க, பழி எம்மேலயா? மீன் ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

"ஊரே கேக்கப்போகுது ஹில்டா. மெட்டுத் திருடன்னு பேர் வந்துட்டா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த ஆர்கன் மேடையில ஏறுவேன்?"

ஹில்டாவுக்கு இப்போதுதான் கொஞ்சம் பாவமாக இருந்தது. "நாலு சுரத்தை மாத்திப் போடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

நல்ல யோசனைதான். விம்பெனி அன்றே மெட்டைத் தலைகீழாக்கினார். ஏறுகிற இடத்திலெல்லாம் இறங்கவைத்தார். மாலை ஒத்திகையில் வாசித்துக் காட்டியபோது பாடகர் குழு தலையைக் குனிந்துகொண்டது. குழுவில் அடித்தொண்டையில் பாடுபவர் டட்ரிட்ஜ். பகலில் கசாப்புக் கடை நடத்துபவர். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"யாருங்க தவறிட்டாங்க?"

"யாரும் தவறல டட்ரிட்ஜ். இது இளவரசிக்கு."

"ஐயையோ! சின்ன வயசாச்சே!"

டட்ரிட்ஜைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவதற்குள் விம்பெனிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாள் அதே மெட்டை வேகப்படுத்தினார். சோகம் போனது, வாஸ்தவம்தான். ஆனால் திருவிழாவில் மரக்குதிரை ராட்டினம் சுற்றும்போது ஒரு பாட்டு வருமே, அசல் அதேதான். பேராலயத்தின் தலைமைக் குருவான டீன் அந்தப் பக்கமாக வந்தவர், தன் கால் தாளம் போடுவதைத் தானே கவனித்துத் திடுக்கிட்டு நின்றார்.

"நல்லா இருக்கு விம்பெனி, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இளவரசி நடந்து வரணும். ஓடி வரக்கூடாது. பின்னாலயே பேராயர் வேற வர்றார். அவருக்கு முழங்கால் வலி, தெரியுமில்ல?"

விம்பெனி மனதைத் திடப்படுத்திக்கொண்டார். உண்மையைச் சொல்ல நா எழவில்லை. பாதி உண்மை சொன்னார். "ஐயா, இந்தப் பவனி இசையே வேணாம். பழைய உருப்படி ஏதாவது ஒண்ணை வாசிச்சிடறேன். எனக்கு இதுல நம்பிக்கை வரல."

டீன் நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று. அவர் விம்பெனியின் தோளில் கை போட்டு, "பயம்தானே? பெரிய கலைஞர்களுக்கெல்லாம் வர்றதுதான். நான் பாத்துக்கறேன், நீங்க தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். "ஏற்பாடு பண்ணிட்டேன்! உங்க பழைய சிநேகிதர் சர் செட்ரிக்குக்குப் போன் பண்ணினேன். சனிக்கிழமை மனைவியோட வர்றார். ஆர்கன் மேடைக்கு நேர் கீழ முதல் நாற்காலி அவருக்குத்தான். நீங்க கண்ணாடியில பாத்தா அவர் முகம் தெரியும். தெம்பா இருக்கும்ல?"

"இருக்கும்" என்றார் விம்பெனி. வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து மேல்கோட்டுகூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். ஹில்டா தேநீரோடு வந்து நின்று விஷயத்தைக் கேட்டாள்.

"உங்க மார்ச்லயும் நடுவுல வர்ற அந்த மெட்டுதானே தொல்லை?" என்றாள்.

"ஆமா."

"அப்ப அதை வெட்டித் தூக்கிப் போடுங்க. முன்னாடியும் பின்னாடியும் உங்களோடதுதானே?"

விம்பெனி நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பக்கங்களை வெட்டி அடுப்பில் போட்டார். மிச்சமிருந்தது குட்டையான மார்ச்தான். ஆனால் சுத்தமான சொந்தச் சரக்கு. இளவரசி வயதில் சின்னவர், விறுவிறுவென்று நடந்துவிடுவார். அன்று விம்பெனி இரண்டு துண்டு கேக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மழை. அது இல்லாமல் ஹார்ல்பரியில் விசேஷம் ஏது? பேராலயம் நிரம்பி வழிந்தது. விம்பெனி மேடையில் ஏறி, கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பஸ் ஓட்டுநருக்கு இருப்பதுபோல் தன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சரிசெய்தார். கீழே முதல் நாற்காலியில் சர் செட்ரிக்கின் வழுக்கைத் தலை பளபளத்தது. பக்கத்தில் இறகு வைத்த தொப்பியோடு அவர் மனைவி.

மேற்கு வாசல் திறந்தது. எல்லாரும் எழுந்தார்கள். விம்பெனி ஆரம்பித்தார்.

பிரமாதமாகப் போயிற்று. இளவரசி அவர் நினைத்ததைவிட வேகமாகவே நடந்தார். பாதி வழி வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

பேராலயத் தரையில் வெந்நீர்க் குழாய்களுக்கு மேல் இரும்புக் கிராதி போட்டிருக்கும். ஹார்ல்பரிப் பெண்கள் அதில் கால் வைக்காமல் தாண்டிப் போவார்கள். இளவரசிக்கு அதை யாரும் சொல்லவில்லை. செருப்பின் குதிகால் கிராதிக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. பேராயர் வலிக்கிற முழங்காலை மடித்துக் குனிந்தார். அவரால் நிமிர முடியவில்லை. அவரை நிமிர்த்த டீன் குனிந்தார்.

மேலே மார்ச் தீர்ந்துபோயிற்று.

ராஜ வம்சத்தவர் நின்றுகொண்டிருக்கும்போது ஆர்கன் நிற்கக் கூடாது. எழுதாத சட்டம் அது. எதையாவது வாசித்தே ஆகவேண்டும். இந்த வித்தை ஆர்கன்காரர்களுக்குக் கைவந்தது. குரு வர நேரமானாலும், சவப்பெட்டி வாசலில் இடித்துக்கொண்டு நின்றாலும், கல்யாண ஜோடி உள்ளறைக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனாலும், கை தன்பாட்டுக்கு எதையாவது வாசித்து நேரத்தை நிரப்பும். என்ன வாசித்தோம் என்று கேட்டால் எந்த ஆர்கன்காரனுக்கும் அப்புறம் ஞாபகம் இருக்காது.

விம்பெனியின் கண் முழுக்க இளவரசியின் செருப்பில் இருந்தது. கை தன்பாட்டுக்குப் போயிற்று. அது எங்கே போயிற்று என்பதை அவர் கவனித்தபோது காரியம் கைமீறிவிட்டது. அடுப்பில் எரித்த மெட்டு, ஒரு சுரம் பிசகாமல், பேராலயம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அதன் அழகைச் சொல்லி மாளாது. பாதியில் நிறுத்தவும் வழியில்லை. டட்ரிட்ஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணாடியில் சர் செட்ரிக்கைப் பார்த்தார் விம்பெனி. அவர் அண்ணாந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கைக்குட்டையை எடுத்து வழுக்கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

குதிகால் விடுபட்டது. இளவரசி வந்து அமர்ந்தார். பேராயரும் ஒருவழியாக நிமிர்ந்தார். ஆராதனை நடந்ததும் முடிந்ததும் விம்பெனிக்குத் தெரியாது.

கூடத்தில் தேநீர் விருந்து. வெள்ளரிக்காய் சாண்ட்விச் தட்டுக்குப் பின்னால் விம்பெனி பதுங்கி நின்றார். பயந்தது நடந்தது. சர் செட்ரிக் நேராக வந்து அவர் முழங்கையைப் பிடித்து ஜன்னல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எட்கர்" என்றார் தணிந்த குரலில். "இத்தனை பேர் முன்னாடி இப்படிச் செய்யணுமா? தனியா ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?"

"மன்னிச்சிடு செட்ரிக். சத்தியமா வேணும்னு செய்யல. ஒரு வாரமா அதைத் தவிர்க்க நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். கடைசில கை தானா போயிடுச்சு. என்னை மன்னிச்சிடு."

சர் செட்ரிக் அவரை உற்றுப் பார்த்தார். "நீ... என்கிட்ட மன்னிப்புக் கேக்கிறியா?"

"கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

"வேணாம், வேணாம்!" சர் செட்ரிக்கின் முகத்தில் ரத்தம் திரும்பியது. விம்பெனியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "பழைய சிநேகிதம் நமக்கு. இது நமக்குள்ளயே இருக்கட்டும். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்." தேநீரைக்கூடக் குடிக்காமல் காரை நோக்கி விரைந்தார்.

விம்பெனிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஹில்டாவைக் கண்டதும், கூட்டத்தையும் பாராமல் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"விட்டுட்டாரு ஹில்டா! ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. அந்த மனுஷனைப் போய் இத்தனை வருஷமா கரிச்சுக் கொட்டினேனே! அவர் 'சர்' ஆனதுல தப்பே இல்ல. தங்கமான மனசு."

"அதான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். இனிமேயாவது ரேடியோவ அணைக்காம இருப்பீங்களா?"

"நானே போட்டுவிடறேன். நீ பாத்திரம் கழுவிக்கிட்டே பாடு." எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார் விம்பெனி. மழைகூட நின்றிருந்தது. சாண்ட்விச் ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போது கணவர் அவசரத்தில் விட்டுப்போன தொப்பியை எடுக்க மோபர்லி சீமாட்டி திரும்பி வந்தாள். விம்பெனியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள்.

"எனக்காகத்தானே வாசிச்சீங்க? எங்க கல்யாணத்துல, நாங்க கையெழுத்துப் போட உள்ள போயிருந்தப்ப, நீங்க சும்மா இருக்காம வாசிச்சுக்கிட்டிருந்த அதே மெட்டு! இவர் பேனா கைக்கு வந்ததும் முதல்ல இதைத்தான் சட்டைக் கையில குறிச்சு வச்சுக்கிட்டாரு, அப்புறம்தான் என்னைக் கட்டிக்கிட்டதுக்குக் கையெழுத்தே போட்டாரு!"