டிரைவர் சாரின் கம்ப்யூட்டரும் நான் வேண்டாம் என்ற வேலையும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் மகளும் சௌக்கியம். அவ்விடம் தங்கள் ரத்த அழுத்தமும் அத்தையின் முழங்காலும் ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதைத் தாங்கள்தான் முடித்து வைக்கிறீர்கள் மாமா. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தை நான் முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

விஷயம் இதுதான். தங்கள் நண்பரின் கம்பெனிக் கிடங்கில் எனக்காகப் பேசி வைத்திருக்கிறீர்களே, அந்த மேற்பார்வையாளர் வேலை எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தாங்களே நேரில் வந்து என்னை அங்கே அழைத்துப் போவதாக இருந்தீர்கள். அந்தச் சிரமம் தேவையில்லை. வீட்டு முன்னறையில் நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பட்டறையை, போன தடவை வந்தபோது "ஸ்க்ரூ டிரைவர வச்சு விளையாடற எடம்" என்று தாங்கள் பெயர் சூட்டிய அதே பட்டறையை, தொடர்ந்து நடத்துவதென்று முடிவு செய்துவிட்டேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இப்போது கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு விளையாடுகிறார். விளையாட்டு என்று அவர் காதுபட மட்டும் சொல்லிவிடக் கூடாது. மேஜையில் ஸ்டீயரிங், காலடியில் பிரேக்கு, உடம்பில் பழைய காக்கிச் சட்டை. அடுப்படியிலிருந்து அவர் வீட்டு அம்மா "போலாம்!" என்று குரல் கொடுத்தால்தான் வண்டியை எடுப்பார். அவர் என்னிடம் வந்து, "தம்பி, பஸ் முன்னாடி போயிடுது, ரோடு மெதுவாப் பின்னால வருது. அதைக்கூடப் பொறுத்துக்குவேன். பக்கக் கண்ணாடி ரெண்டும் கறுப்பாக் கெடக்கு. பின்னால என்ன வருதுன்னு பாக்காம நான் எப்படி வண்டிய எடுக்கறது?" என்றார். ஒரே ஒரு தடவை நகர்த்திப் பார்த்ததோடு சரி, அப்புறம் எடுக்கவே இல்லையாம் மாமா. மூன்று மாதமாக முதல் நிறுத்தத்திலேயே நிற்கிறார். ஏறின பயணிகள் அத்தனை பேரும் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் எனக்கென்ன என்றால், அவர் டிரைவர்கள் சங்கத்தில் செல்வாக்கான ஆள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பழக்க, சங்கத்தில் எட்டு கம்ப்யூட்டர் போடப் போகிறார்கள். "என்னோடத ஒழுங்காப் பண்ணிக் குடு, எட்டையும் நீ பாக்கற மாதிரி பேசறேன்" என்றார். எட்டு! இதுவரை என் பட்டறைக்கு ஒரே சமயத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வந்ததில்லை. தங்கள் மகளும், "இந்த ஒண்ணு சரியா அமைஞ்சா பட்டறை, அமையலைன்னா கிடங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பெட்டியைத் திறந்தேன். கம்பெனியிலேயே தயாராகப் பொருத்தி விற்ற கேமிங் கம்ப்யூட்டர் மாமா அது. வெளியே சிவப்பும் நீலமுமாக விளக்கு மினுக்குகிறது, நெற்றியில் புலி ஸ்டிக்கர். உள்ளே பார்த்தால் விளையாட்டுப் படங்களை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டே கிடையாது! விளக்கைக் காட்டியே விற்றிருக்கிறார்கள். சரி, புதுக் கார்டு வாங்கினேன். அது பெட்டிக்குள் இருந்த இடத்தைவிட ஒரு கட்டைவிரல் நீளம் அதிகம். உள்ளே குறுக்கே நின்ற தகரத்தைக் கழற்றி எப்படியோ நுழைத்தால், அதற்கு மின்சாரம் கொடுக்க பவர் சப்ளையில் தெம்பு இல்லை. புது பவர் சப்ளை வாங்கினேன். ஊர் உலகத்தில் எல்லா மதர்போர்டுக்கும் பொருந்துகிற அதன் பிளக், இந்த மதர்போர்டில் மட்டும் நுழையமாட்டேன் என்கிறது, ஏன்னா அந்தக் கம்பெனிக்காரன் தனக்கென்று ஒரு தனிப் பிளக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான், எதுக்குடா உனக்கு இந்த வேலைன்னு வாய்விட்டுக் கேட்டேன், தங்கள் மகள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். மதர்போர்டை மாற்றினேன். மாற்றினால் பெட்டியின் ஆன் பட்டன் வயர் இதில் சேரவில்லை. அப்புறம் பெட்டியையும் மாத்த வேண்டியதாப் போச்சு. ரோடு லேட்டா வருதே, அதுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம், அதையும் மாத்தினேன்.

ஒவ்வொன்றுக்கும் டிரைவர் சாரைக் கேட்டுத்தான் செய்தேன். கடைசியாக நான் போய் நின்றபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் இஞ்சின மாத்தச் சொன்னேன். நீ பஸ்ஸயே மாத்திட்டே."

"பிராசஸர் பழசுதான் சார். ராம் பழசு."

"நம்பர் பிளேட்டு?"

புலி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துப் புதுப் பெட்டியில் ஒட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபடி ஒட்டினேன். ஒரு காது மட்டும் கிழிந்துவிட்டது. பழைய பெட்டியிலேயே கிழிந்திருந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று மதியம் கொண்டுபோய் மாட்டினேன் மாமா. விளையாட்டின் செட்டிங்கில் கண்ணாடி என்று ஒரு வரி அணைந்து கிடந்தது, அதையும் தட்டி விட்டேன். டிரைவர் சார் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்தார், பின்னுக்குத் தள்ளினார். வலது கண்ணாடியைப் பார்த்தார், இடது கண்ணாடியைப் பார்த்தார். இரண்டிலும் பின்னால் தெரு தெரிகிறது, ஒரு லாரி நிற்கிறது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அடுப்படியிலிருந்து "போலாம்!" என்று குரல் வந்தது. வண்டியை எடுத்தார் மாமா! அந்த லாரிக்கு வழிவிட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் எடுத்தார். கடைசி நிறுத்தம்வரை முக்கால் மணி நேரம், அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன். இறங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. மறைப்பானேன், என் கண்ணும்தான். "புதுசாப் போட்டியே, அந்தக் கார்டு, சத்தமே இல்ல தம்பி. இவ்வளவு அமைதியான இஞ்சின நான் பார்த்ததில்ல" என்று முதுகில் தட்டினார். "சரக்கு அப்படி சார், பாத்துப் பாத்து எடுத்தது" என்றேன். அங்கேயே சங்கச் செயலாளருக்குப் போன் போட்டு, எட்டும் இந்தத் தம்பிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள் மாமா, நான் கிடங்கில் போய் மூட்டை எண்ண வேண்டுமா? என் கையில் தொழில் இருக்கிறது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பெட்டியைத் திறந்து மூடி, ஒருத்தரைச் சந்தோஷப்படுத்தியிருக்கிறேன். எனக்காக நாலு பேரிடம் பேசினீர்களே, அந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன். தங்கள் நண்பரிடம் என் வணக்கத்தையும் மறுப்பையும் சேர்த்தே சொல்லிவிடவும்.

அத்தைக்கு என் நமஸ்காரங்கள். மச்சானுக்கு அன்பு, அவனுடைய லேப்டாப்பை அவனே திறக்க வேண்டாம் என்றும் சொல்லவும். தாங்கள் மனம் கோணாமல், இருந்த இடத்திலிருந்தே எங்களை வாழ்த்த வேண்டும்.

இப்படிக்கு,
சொந்தக் காலில் நிற்கும்
தங்கள் மாப்பிள்ளை

பி.கு: உறை ஒட்டுவதற்கு முன்னால் தங்கள் மகள் இதைப் படித்துப் பார்த்தாள். எல்லாம் படித்துவிட்டு, "என்னங்க, அந்தக் கார்டுல பெரிசா ரெண்டு ஃபேன் இருக்குமே, வேலை செஞ்சா கொஞ்சமாவது சத்தம் வராதா?" என்றாள். வரும் என்றேன். "அப்ப ஏன் வரல? திரைக்குப் போற வயர எங்க சொருகினீங்க?" என்றாள். நேராக டிரைவர் சார் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். வயர் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் சொருகியிருந்தது, படம் கார்டைத் தொடாமல் பழையபடி அது வழியாகவே வந்திருக்கிறது. புதுக் கார்டு, அதற்காக வாங்கின பவர் சப்ளை, அதற்காக மாற்றின மதர்போர்டு, அதற்காக மாற்றின பெட்டி, அத்தனையும் வீண் செலவு, கார்டு நேற்று சும்மா விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ரோடு வந்தது புது டிஸ்க்கால். கண்ணாடி தெரிந்தது செட்டிங்கில் நான் தட்டிய அந்த ஒரு வரியால். தங்கள் மகள் வயரைப் பிடுங்கிக் கார்டில் சொருகினாள். ஃபேன் இரண்டும் சுற்றின. திரையில் மரத்துக்கு இலை வந்தது, பயணிகளுக்கு முகம் வந்தது. டிரைவர் சார் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "இதைக் கண்டுபிடிச்சது யாரும்மா?" என்றார். நானே சொன்னேன் மாமா, அந்த நேர்மையாவது என் கணக்கில் இருக்கட்டும். மறுபடி செயலாளருக்குப் போன் போனது. எட்டும் இப்போது தங்கள் மகள் பேரில். பட்டறைக்கும் நாளையிலிருந்து அவள்தான் முதலாளி. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காதது. என்னை வேலைக்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை ஞாயிற்றுக்கிழமை, தங்கள் முன்னிலையில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகையால் தாங்கள் அவசியம் வரவும். அதுவரை தங்கள் நண்பரிடம் அந்தக் கிடங்கு வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும்.