ஞாயிற்றுக்கிழமைப் பூச்சு

"இந்த வாரமும் போச்சா?" என்று கேட்டாள் மனைவி.

துவைக்கும் கல்லைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டை அவர் விரலால் சுரண்டினார். ஈர மண்ணாகக் கையோடு வந்தது. அவர் சாதாரண ஆளல்ல. சிமெண்ட் ஆய்வுக்கூடத்தில் நானோ துகள்களைக் கட்டி மேய்ப்பவர். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிலிக்காப் பொடியைச் சேர்த்தால் சிமெண்டும் தண்ணீரும் சட்டென்று கூடிக் கலவை சீக்கிரம் இறுகும் என்று மேடை மேடையாகப் பேசியவர். சொந்த வீட்டில் ஒரு முழத் தரை அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"வெளிய சொல்லிடாதீங்க. சிரிப்பாங்க."

"அடுத்த ஞாயிறு பாரு. நானோவை இறக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்த மனிதர், இப்போது பழைய சட்டையோடு கொல்லைப்புறத்தில் குந்தியிருந்தார். அவர் பொடியைக் கொட்டிக் கிளற, அவள் வாளித் தண்ணீரை ஊற்றினாள். பொடி அத்தனையையும் குடித்துவிட்டுக் கரண்டியைக் கவ்விக்கொண்டது.

"என்னங்க, கரண்டியையும் சேர்த்துப் பூசப் போறீங்களா?"

"பேசாம தண்ணி ஊத்து."

ஊற்றினாள். மறுநாள் காலையில் வெறும் சேறு.

அடுத்த வாரம் பொடியைக் கூட்டினார். கலவை கட்டிகட்டியாக நின்றது. அதை இளக்க ஒரு திரவம் சேர்த்தார். அது கல்லைத் தாண்டி, அவர் செருப்பைத் தாண்டி, பக்கத்து வீட்டைப் பார்க்கக் கிளம்பியது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. முழங்கை வரை சேறோடு அவரும் சிரித்தார்.

பொடிதான் போலி என்று விற்பனையாளரை வரவழைத்தார். ஆய்வுக்கூடத்தில், மேலதிகாரி முன்னால், அதே பொடி போட்ட கலவை கல்லாக இறுகியது. வீட்டுச் சிமெண்டைக் கொண்டுபோனார், இறுகியது. வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோனார், அதிலும் இறுகியது.

"அப்ப பாக்கி உங்க கைதான், சார்" என்றார் விற்பனையாளர்.

வீட்டுக்கு வந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விடுங்க, கைராசி அப்படி. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றாள் அவள்.

அப்படியே எத்தனையோ வாரங்கள் போயின. அவள் படுக்கையில் விழுந்த பிறகு கொத்தனார் ஒருவர் வந்து பூசினார். மறுநாளே இறுகிவிட்டது. அவள் அதில் ஒரு துணிகூடத் துவைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்த பின், அவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுடைய தங்கை டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதாம்மா. அதைக்கூட என் கையால செஞ்சு கொடுக்க முடியல."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"சர்க்கரைத் தண்ணியில சிமெண்ட் பிடிக்காதுன்னு நீங்கதானே மாமா அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? பூச்சு பிடிச்சிட்டா மனுஷன் மறுபடி லேபுக்கு ஓடிடுவாருன்னு, ஞாயித்துக்கிழமை தவறாம வாளியில ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டுதான் கொண்டுவருவா!"