பிள்ளைக்காம்பராவும் என் அரைப்பேரும்

சிவமயம்

நிக்கோபார்ப் பக்கம், ரப்பர்த் தோட்டம்
மாசி மாதம், 1974

மகா கனம் பொருந்திய பெரிய மைத்துனர் ஜெகநாதன் அவர்களின் திவ்ய சமூகத்துக்கு, தங்கள் தங்கை ருக்குவின் கணவன் திருநாவுக்கரசு பணிவோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் நலம். என் வலது முழங்கால் நலமில்லை, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அவ்விடம் தாங்களும், என்மேல் கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் ருக்குவும் நலமென்றே நினைக்கிறேன். அவள் இத்தனை மாதமாக ஒரு வரிகூட எழுதாததால் நினைக்க மட்டும்தான் முடிகிறது. நாளை இங்கே கப்பல் வருகிறது, அதில் நான் ஊர் திரும்புகிறேன். நீரே வருகிறீர், கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள் மச்சான். ஆகவே சென்னையில் உங்கள் வாசலுக்கு வந்ததும் இதைக் கையில் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றுகொள்வேன். முழுதும் படித்துவிட்டு, ருக்குவிடம் பக்குவமாகச் சொன்ன பிறகு என்னை உள்ளே கூப்பிடுங்கள்.

நான் எப்படி இங்கே வந்து மாட்டினேன் என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருக்க முடியுமா? வீட்டு அடுப்படிச் சாக்கடையில் தினம் பினாயில் ஊற்றினேன். ருக்கு கரண்டியைத் தூக்கினாள். அந்த நேரத்தில்தான் ‘கடல் கடந்த தொண்டுக்கு ஆட்கள் தேவை’ என்று ஒரு சேவா சங்கத்தின் விளம்பரம் வந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களைத் தீவில் குடியேற்றியிருக்கிறார்கள், அவர்களுடைய பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளை எடுத்துச் சொல்ல வேண்டும், ஒரு வருஷம், சம்பளம் கிடையாது. கடல் கடந்தால் வெளிநாடுதானே என்று நான் கோட்டு இரவல் வாங்கி பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டேன். சங்கத்து ஆள், “அந்தமானுக்கு எதுக்கு சார் பாஸ்போர்ட்டு?” என்று சிரித்தான். ருக்கு சிரிக்கவில்லை. “போங்க, அந்த ஊர்ச் சாக்கடையாவது உருப்படட்டும்” என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்குப் பெட்டி கட்டினாள்.

கப்பலில் நான் பட்டதை எழுதினால் நீங்கள் சாப்பிட முடியாது, விட்டுவிடுகிறேன். இறங்கியதும் கூட்டம் போட வேண்டுமே! இங்கே டிங்கிப் படகு ஓட்டுகிற அருள்நாதன் என்று ஒருவர், தூத்துக்குடிக்காரர், மாதா கோயில்காரர், இந்தியில் ஊறியவர். இந்தி மட்டுமே பேசுகிற தோட்ட மேனேஜரிடம் பேச எனக்கு அவர்தான் வாய். அவரிடம் யோசனை கேட்டேன். “கூட்டம்னா எவன் வருவான்? விடியக்காலம் தப்பு அடிங்க, எல்லாரும் வந்துருவாவ” என்றார். ஒரு பறையை வாங்கி அடித்தேன். அடடா! ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வாளியும் பால்வெட்டுக் கத்தியுமாக வரிசை பிடித்து நின்றுவிட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உழைப்பவனுக்கு ஓய்வுக்கும் உரிமை உண்டு என்று தொண்டை கிழியப் பேசினேன். முடித்ததும் ஒருவர் பவ்யமாக, “எந்த மலைக்குப் போகணுங்க?” என்று கேட்டார். நான் மலையழகைப் பார்க்கக் கேட்கிறார் என்று நினைத்துக் கிழக்குப் பக்கம் கையைக் காட்டிவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், இலங்கைத் தோட்டங்களில் விடியலில் தப்பு அடித்தால் அது பெரட்டு. வரிசையில் நிற்கவைத்து, யாருக்கு எந்த மலையில், அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதியில், வேலை என்று கங்காணி பிரித்துவிடுகிற நேரம். பல தலைமுறையாக அந்தச் சத்தத்துக்கு எழுந்த கால்கள், என்னைப் புதுக் கங்காணி என்றே எண்ணி, நான் காட்டிய பக்கம் போய், இன்னும் வெட்டக் கூடாத இளமரங்களையெல்லாம் வெட்டிவிட்டு வந்தன. ஓய்வுரிமை பேச வந்தவன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்கு அனுப்பிவிட்டேன்! மேனேஜர் வந்து இந்தியில் குதித்தார், தொப்பியைத் தரையில் அடித்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “சந்தோசம்ங்கிறாரு” என்றார் அருள்நாதன். கோபமாகப் பேசுவது போல் இருக்கிறதே என்றேன். “அவுக ஊர்ல அப்படித்தான் சந்தோசப்படுவாவ, ஐயா.”

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தப்பு இல்லாமல், சங்கம் கொடுத்தனுப்பிய உரிமைக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, உங்களுக்கு முதலில் எந்த உரிமை வேண்டும் என்று கேட்டேன். பால் வெட்டுகிற செல்லம் என்கிற பெண் எழுந்து, “பிள்ளைக்காம்பரா வேணுங்க” என்றாள். கையேடு முழுக்கத் தேடினேன், அந்தச் சொல்லே இல்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறையாம் அது. இலங்கையில் இருந்தது, இங்கே இல்லை. இங்கே ரப்பர் மரத்தில் சேலையைத் தூளியாகக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வேலை பார்க்கிறார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன் மச்சான். செல்லத்தின் குழந்தை, எறும்பு கடித்துக் கண்ணிமை இரண்டும் வீங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் தூளிக்குள் கிடந்தது. நேரே மேனேஜரிடம் போனேன். அவர் நெடுநேரம் விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். அருள்நாதன், “சரிங்கிறாரு” என்றார். பழைய ஷெட்டின் சாவி என் கைக்கு வந்தது. மீதியை அருள்நாதன் மறுநாள் காலைதான் சொன்னார். அதற்குத் தனியாக ஆள் தரமாட்டாராம். நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், நான் ஊருக்குப் போகிற அன்று பூட்டிச் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். இதைக் கேட்கும்போது ஷெட்டு வாசலில் பெண்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு குழந்தையாக என் மடியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிளேக்குக் காலத்தில் ஒரு டவுனையே கட்டி ஆண்டவன் நான். இங்கே தினம் ஷெட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன், பால் குடிக்க, தூங்க, அழ என்று அட்டவணை எழுதி ஒட்டினேன். ஒரு பயல் மதிக்கவில்லை. ஒன்று தோளில் போட்டால்தான் தூங்கும், ஒன்று என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்தால்தான் தூங்கும், இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கும். சலவை வேட்டியெல்லாம் கிழிந்து இடுப்புத்துணி ஆகிவிட்டது. இந்த ஊரில் தென்னை ஏறுகிற ஒரு ராட்சச நண்டு இருக்கிறது, அது வெள்ளிப் பாலாடையைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் துரத்த, அதில் போனதுதான் முழங்கால். செல்லத்தின் குழந்தை பேச ஆரம்பித்த முதல் சொல் என்ன தெரியுமா? ‘பெனாயி.’ மற்ற நாளெல்லாம் எரிச்சலாக இருந்தாலும், அன்றைக்கு மட்டும் நான் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எல்லாம் போகட்டும். வருஷம் முடிந்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது. ருக்குவின் புளிக்குழம்பு கனவில் வருகிறது. நான் போனால் ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள், குழந்தைகள் மறுபடி மரத்துக்குப் போகும். தெரியாமலா இருக்கிறேன்? சங்கத்துக்கு எழுதிப் பார்த்துவிட்டேன், வேறு ஆள் இல்லையாம். நானே எத்தனை நாள் பார்ப்பது? நேற்றுக் காலை பெரட்டில் போய்ச் சொன்னேன். அழுவார்கள், காலைப் பிடிப்பார்கள் என்று பதில்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒருத்தரும் அழவில்லை. செல்லம் மட்டும், “அப்ப ஐயாவுக்கு அரைப்பேருதாங்க” என்றாள். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிறவனுக்குத் தோட்டத்துக் கூலிக் கணக்கில் அன்றைக்கு முழுப்பேர் விழாதாம், அரைநாள் கூலிக்கான அரைப்பேர்தானாம். சர்வீஸ் முழுக்க ஒரு கரும்புள்ளி வாங்காதவன் நான்! அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். போகட்டும், பெட்டி கட்டியாகிவிட்டது. இனி ஈசனே வந்து சொன்னாலும் நான் நிற்பதாக இல்லை. நம் குடும்பத்தில் இனி எவரும் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்று எழுதிவைக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். குழந்தைகள் தலையெடுத்து, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து, நீடூழி வாழ ஆசிகள். ருக்குவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆகவே விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
முழங்காலோடு வந்துகொண்டிருக்கும்
திருநாவுக்கரசு

பின்குறிப்பு: இதைக் கையில் கொடுக்க முடியவில்லை, தபாலில் போடுகிறேன். நல்ல காரியம் செய்தீர்கள் மச்சான்! டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நீங்கள்தானாமே? என் பெட்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டு, டிங்கியிலிருந்து ஏணியில் கால் வைக்கிறேன், மேலேயிருந்து ஒரு ஊறுகாய் ஜாடி இறங்குகிறது, அதன் பின்னால் ருக்கு. என் காதைப் பிடித்துக் கூட்டிப்போக வந்தாளாம். கப்பல் கிளம்ப நேரம் இருந்தது. “இத்தனை நாளா இங்க என்னதான் கிழிச்சீங்க, காட்டுங்க” என்றாள். கரைக்கு வந்தோம். ஷெட்டு பூட்டிக் கிடந்தது. வெளியே மரத்தில் தூளி கட்டிக்கொண்டிருந்த செல்லம், ருக்குவிடம் அரைப்பேர் கதையைச் சொல்லிவிட்டாள். ருக்கு, “நாலு பெத்தேன்மா. ஒன்னையாவது தூக்கியிருப்பாரா இந்த மனுஷன்? முப்பது வருஷமா நானும் அதே அரைப்பேருதான் போட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள். அப்போது தூளியிலிருந்த குழந்தை என்னைப் பார்த்து “பெனாயி” என்று கையை நீட்டியது, நான் பழக்கத்தில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். ருக்கு ஊறுகாய் ஜாடியைச் செல்லத்தின் கையில் கொடுத்தாள். பிறகு மேனேஜரிடம் போய் எந்த மொழியில் என்ன பேசினாளோ, சாவியோடு திரும்பி வந்தாள். அருள்நாதனைக் கேட்டேன். “சந்தோசம்ங்கிறாரு” என்றார். கப்பல் சங்கு ஊதிவிட்டுப் போய்விட்டது.

என் பெட்டி மட்டும் ஊருக்கு வருகிறது, வாங்கி வையுங்கள். அதிலுள்ள கிழியாத வேட்டிகளை அடுத்த கப்பலில் அனுப்பவும், இடுப்புத்துணிக்கு வேண்டும், பினாயிலும் அனுப்பவும். நீங்களும் அக்காவும் கோடை விடுமுறைக்கு அவசியம் வர வேண்டும், இடம் அருமையாக இருக்கிறது. இன்று மாலை செல்லம் எனக்கு முழுப்பேர் போட்டாள். ருக்கு இன்னும் போடவில்லை.